மீசையைப் பணயம் வைத்த கணக்கு சார்

“மேடம், அந்தக் கடைசி பெஞ்ச் கார்த்திக் என்றைக்காவது வாயைத் திறந்தால், நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.”

ஸ்டாஃப் ரூமில் எங்கள் கணக்கு சார் இந்தியில் விட்ட சவால் இது. ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு நான் இங்கிலீஷ் எடுக்கிறேன். கொஞ்சம் தட்டிக்கொடுத்தால் அவன் பேசுவான் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். அந்த மீசையோ... தினமும் எண்ணெய் காண்பது.

போன சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங். கார்த்திக்கின் அம்மா வந்திருந்தார். தலைநகரின் சாணக்யபுரியில் ஒரு தமிழ் வீட்டில் சமையல் வேலை; காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் இந்தி. பையன் ஏற்கெனவே ஒரு தடவை ஃபெயில். இந்த வருஷமும் போனால் மாமாவோடு டைல்ஸ் ஒட்டப் போக வேண்டியதுதான் என்று என்னிடம் போனிலேயே சொல்லியிருந்தார்.

சார் இரண்டு நிமிஷம் இந்தியில் பொரிந்து தள்ளினார். மகன் தமிழில் சுருக்கினான்.

“தங்கமான பையனாம்மா. கணக்கு மட்டும் கொஞ்சம் பாக்கணுமாம்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இந்த வித்தையில் நான் சீனியர் ஆயிற்றே! எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் ரிப்போர்ட் கார்டை அப்பாவுக்குப் படித்துக் காட்டியதும் நானே — ஏழாம் ரேங்க் முதல் ரேங்க் ஆன கதையெல்லாம் உண்டு.

ஆனால் அம்மாக்கள் ஏமாறுகிறார்களா என்ன?

“தங்கம்னு சொல்ற மூஞ்சியாடா அது? ஒழுங்கா சொல்லு.”

கார்த்திக் என்னைப் பார்த்தான். சொல் என்று தலையசைத்தேன்.

“கணக்குல பதினொண்ணு. நான் கிளாஸ்ல இருக்கறதே தெரியலையாம். ஒரு கேள்விகூடக் கேக்கறதில்லையாம்.”

அம்மா யோசித்தார். “நீ கேட்டா அவரு சொல்லித் தருவாரான்னு கேளு.”

அதை சாரிடம் கேட்க வேண்டியவன் யார்? அவனேதான். இந்தியில் கேட்டான். சார் மீசையைத் தடவிக்கொண்டே, “பூச்சோ பேட்டா” என்றார், கேளு மகனே என்று.

உடனே வந்தது, அம்மா சொல்லித் தராத கேள்வி. மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது? ஏழாம் வகுப்பிலிருந்தே புரியவில்லையாம். இத்தனை வருஷமும் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான்!

சார் பேப்பரை எடுத்தார். பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர் முணுமுணுத்தார்கள். அவர் நிமிரவே இல்லை.

“மார்ச் பரீட்சை வரைக்கும் பாக்கலாம் டீச்சர்” என்று சொல்லிவிட்டு அம்மா பஸ் பிடிக்கப் போனார்.

சவாலில் தோற்ற சாரிடம் அன்றே பேரம் பேசினேன். மீசை பிழைக்க வேண்டுமானால், பள்ளி விட்டதும் தினம் அரைமணி நேரம் கார்த்திக்குக்கு. திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பித்துவிட்டது.

புது ரேஸர் ஒன்று வாங்கி ஹேண்ட்பேகில் போட்டு வைத்திருக்கிறேன். சார் ஒரு நாள் மட்டம் போடட்டும்... பார்த்துக்கொள்கிறேன்.