கதவுக்கு வெளியே மைக் அக்கா

புற்றுநோய் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்குவது என் வேலை. பிள்ளைகளை மேசையில் படுக்கவைப்பது மைக் அக்காவின் வேலை. அவர் துப்புரவுப் பணிக்கு வந்தவர். ஒருநாள் என் மைக்கை வாங்கி, உள்ளே அழுது புரண்ட பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசினார், பிள்ளை அடங்கியது. அதோடு துடைப்பம் கைமாறியது, இந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. பதினாலு வருஷமாயிற்று.

தலைக்குள் கட்டி வளர்ந்த பிள்ளைகளுக்கு முகத்தில் வலை போன்ற பிளாஸ்டிக் முகமூடி போட்டு, அதை மேசையோடு பூட்டிவிடுவோம். பிறகு எல்லோரும் வெளியே வந்து, சுவர்போலத் தடித்த கதவை மூடவேண்டும். உள்ளே பிள்ளை தனியாக ஐந்து நிமிஷம் அசையாமல் கிடக்கவேண்டும். அசைகிற பிள்ளைக்கு மயக்க ஊசிதான். அதற்குத் தினமும் வெறும் வயிறு, தினமும் நரம்பு தேடிக் குத்தல். அதைத் தவிர்க்கத்தான் அக்கா மல்லுக்கட்டுவார்.

அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. பெற்றோரிடம் முதலில் கேட்டுக்கொள்வார், "ஏசப்பா பேரைச் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று. எந்த மதத்தவரும் வேண்டாம் என்றதில்லை. அந்த இடத்துக்கு வந்தவர்களுக்கு மறுக்கத் தெம்பு இருக்காது. பிறகு மைக்கில் சின்னதாக ஒரு ஜெபம், ஒன்று முதல் எண்ணிக்கை, நடுவில் ஏதாவது கேலிப்பேச்சு. எனக்குச் சாமி விஷயத்தில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. ஆனால் திரையில் பார்ப்பேன், குட்டிக் கைகள் மெல்லத் தளரும்.

போன வருஷம் ஒரு பெண்பிள்ளை வந்தது. ஆறு வயது. வாய் ஓயாது, அதனால் நாங்கள் ரேடியோ என்றே கூப்பிட்டோம். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. தினமும் அம்மாதான் தூக்கி வருவாள்.

முதல் நாளே ரேடியோ விசாரணையைத் தொடங்கிவிட்டது.

"நீங்க எல்லாரும் ஏன் வெளிய ஓடுறீங்க?"

"உள்ள வர்ற வெளிச்சம் உனக்கு மருந்து கண்ணு. எங்களுக்கு ஆகாது."

"அப்ப ஏசப்பாவும் ஓடிருவாரா?"

"அவரு எங்கயும் போகமாட்டாரு. உன் பக்கத்துலயே இருப்பாரு."

"அவருக்கு மட்டும் ஆகுமா?"

"அவரு எவ்வளவோ காயம் பட்டவரு. இது அவரை ஒண்ணும் பண்ணாது."

பிள்ளை யோசித்துவிட்டு, "சரி, பூட்டுங்க" என்றது. எட்டு நாள் ஊசியில்லாமல் ஓடியது.

ஒன்பதாம் நாள், நடுவில் மின்சாரம் போனது. இயந்திரம் நின்றது, திரை அணைந்தது, மைக்கும் செத்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியும் எங்கள் பக்கம் மட்டும் உயிர் வரவில்லை. கதவைக் கையால் சுற்றித் திறக்கும் பிடி ஒன்று உண்டு. அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நானும் இன்னொருவரும் அதில் தொங்கினோம். அக்கா இரண்டு கையாலும் கதவை அறைந்தபடி, "திற, திற" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதவில் அறைந்தால் உள்ளே ஒரு சத்தமும் போகாது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு நிமிஷம்.

உள்ளே போனபோது பிள்ளை அழவில்லை. பாவாடை நனைந்திருந்தது. முகமூடியைக் கழற்றியதும் கன்னமெல்லாம் வலையின் தடம்.

"நீங்க பேசவே இல்ல" என்றது.

"கரண்ட் போயிருச்சு கண்ணு."

"ஏசப்பாவும் பேசல."

அக்கா பிள்ளையைத் துடைத்துத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனார். திரும்பி வர வெகுநேரமாயிற்று.

மறுநாள் முகமூடியைக் கண்டதும் பிள்ளைக்கு வாந்தி வந்தது. மருத்துவர் மயக்க ஊசி எழுதிவிட்டார். அக்காவைப் பார்த்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ரேடியோ நின்றுவிட்டது. நாலு நாள் அப்படியே போனது.

ஐந்தாம் நாள் ஊசிக்குக் காத்திருக்கையில் அக்கா அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கண்ணு, அன்னைக்கு நான் ஜெபம் பண்ணல. எனக்கு அவ்வளவு பயம். ஒரு வார்த்தை வரல."

பிள்ளை திரும்பிப் பார்த்தது. "எனக்கும் வரல. சொல்லிப் பார்த்தேன். பாதியில மறந்துபோச்சு."

"அவரு இருந்தாருன்னுதான் நம்புறேன். ஏன் பேசலன்னு எனக்குத் தெரியல."

பிள்ளை கேட்டது. "நான் தூங்குனப்புறமும் நீங்க பேசுவீங்களா?"

"உனக்குக் கேக்காதே."

"கேக்காட்டியும் பேசுங்க."

மீதி பதினைந்து நாளும் மயங்கிக் கிடந்த பிள்ளைக்கு அக்கா மைக்கில் ஜெபம் சொன்னார், எண்ணினார், கேலியும் பேசினார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஊசிக்குப் பயப்படுவதைப் பிள்ளை கடைசிவரை விடவில்லை. கடைசி நாளன்றும் கத்தித்தான் மயங்கியது. பழையபடி ஊசியில்லாமல் படுக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை.

மறுபரிசோதனைக்கு ஒருமுறை வந்தார்கள். தலையில் மென்மையாக முடி அரும்பியிருந்தது. அக்கா கை நீட்ட, பிள்ளை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அடுத்த முறை வரவில்லை. பிள்ளையின் மருத்துவக் குறிப்புகளை வேறு ஊர் மருத்துவமனை கேட்டு வாங்கிக்கொண்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். கட்டி திரும்பியதா, வேலை மாறிப் போனார்களா, யாருக்கும் தெரியவில்லை. அம்மாவின் எண்ணை அக்கா பலமுறை அழைத்துப் பார்த்தார். அது உபயோகத்தில் இல்லை.

அதற்குப் பிறகும் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அக்காவும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். பயப்படாதே என்று மட்டும் இப்போது சொல்வதில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். "தினமும் அந்த ரேடியோவுக்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன் தம்பி. ஆனா சொகமாக்கும்னு கேக்குறதா, இல்ல கூட்டிட்டுப் போயிட்டீரான்னு கேக்குறதா, தெரியல. அதான் புள்ளை பேரை மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சிர்றேன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.