வெட்டிப் பார்க்காமல் எழுதிய பட்டியல்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராக அலைந்தவன் நான். துபாயிலிருந்து கல்முனைக்குடி மச்சானின் கடைக்குத் தின்பண்டப் பெட்டிகள் கொண்டுவந்தபோது, சுங்கப் பட்டியலில் எல்லாவற்றையும் ‘பிஸ்கட்’ என்று எழுதினேன். கொழும்பில் என் கண்முன்னே சுங்க அதிகாரி இரண்டு பெட்டிகளிலிருந்து ஒவ்வொரு துண்டை எடுத்து வெட்டினார். இரண்டுக்கும் வெளியே சொக்லட் பூச்சு. ஒன்றுக்குள் பிஸ்கட். மற்றது முழுக்கச் சொக்லட். அதில் பிஸ்கட் தூள் கொஞ்சம்தான்.

“இது சொக்லட். வரி வேற. பொய் எழுதினா சாமான் பறிபோகும், வழக்கும் வரும்.”

மச்சானின் முழு முதலும் அதில்தான்.

“திண்டு பார்த்தன் சேர், ரெண்டும் பிஸ்கட் மாதிரித்தான் மொறுமொறுத்திச்சு. வெட்டிப் பார்க்கல்ல.”

அவர் பெட்டியைத் திருப்பினார். நான் வாசிக்காமல் விட்ட ‘சொக்லட்’ என்ற லேபல் அப்படியே இருந்தது.

“ஒளிக்க நினைச்சவன் இதைக் கிழிச்சிருப்பான்” என்று சொல்லி, பட்டியலைத் திருத்த விட்டார்.

இப்போது ஒவ்வொரு வகையிலும் ஒன்றை வெட்டி, லேபலையும் வாசித்த பிறகே எழுதுகிறேன்.