இல்லாத கதவில் ஒட்டிய சம்மன்

கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவன் கொஞ்சம் குனிந்து போவது நல்லது. நான் நிமிர்ந்து போனேன். இடைநிலைப்பள்ளியில் வணிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கடன் என்றால் என்ன, வட்டி என்றால் என்ன, பிணை நிற்பவனின் பொறுப்பு என்ன என்றெல்லாம் பலகையில் கட்டம் போட்டு விளக்கியவன். அப்படிப்பட்டவனுக்கு ஈப்போவில் எந்த வங்கிதான் கடன் தராது என்கிற மிதப்பில், புதுச்சட்டை வேறு போட்டிருந்தேன்.

கண்ணாடி அறைக்குள் இருந்த கடன் அதிகாரி என் பழைய மாணவன். என் பாடத்தில் நிம்மதியாகத் தூங்கியவன். என் அடையாள அட்டை எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தான். அப்புறம், டாக்டர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நோயாளியைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி என்னைப் பார்த்தான்.

“சார், ஒங்க பேர்ல கோர்ட்டு கேஸ் இருக்கு சார். ஜட்ஜ்மெண்டே ஆயிருச்சு.”

வேறு யாராவதாக இருக்கும் என்று சிரித்தேன். பெயர் ஒன்றாக இருக்கலாம், ஐ.சி. நம்பர் ஒன்றாக இருக்காது என்று அவன் பொறுமையாகச் சொன்னான். தெலுக் இந்தானில் ஒருவர் லோரிக் கடன் வாங்கியிருக்கிறார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் தவணையை நிறுத்த, வேறொரு வங்கி லோரியை இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டு, மிச்சத் தொகைக்கு எங்கள் இருவர் மேலும் வழக்குப் போட்டிருக்கிறது. இருவரும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வராதவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு. அது என் கடன் அறிக்கையில் ஏறிவிட்டது. இனி எந்த வங்கி அதைத் திறந்தாலும் முதலில் அதுதான் தெரியும். என் நாற்பது வருட யோக்கியத்தைப் பதிந்துகொள்ள அந்த அறிக்கையில் இடமில்லை.

எனக்குக் கடன் வேண்டியிருந்தது வீட்டுக்கு. கல்யாணமானதிலிருந்து நாங்கள் வாடகைக்கு இருக்கும் அதே வீடுதான். சொந்தக்காரரான சீனத் தவுக்கே மகளோடு இருக்க வெளிநாடு போகிறார். சீனப் பெருநாள்வரை எங்களுக்காகக் காத்திருப்பதாகவும், அதற்குப் பிறகு ஏஜெண்டிடம் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார். என் மனைவி அந்த வீட்டின் பின்பக்கத்தில் தன் காசில் சமையலறையை இழுத்துக் கட்டியவள். அடுத்தவன் சுவருக்குத் தன் சம்பளத்தில் ஓடு பதிக்கிறவளைப் பொருளாதாரப் பாடத்தில் முட்டாள் என்பார்கள். நான் சொன்னதில்லை, அந்தச் சமையலறையில்தான் எனக்குச் சோறு.

லோரிக்காரர் வேறு யாருமில்லை, அவளுடைய தம்பி. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் தொழில். கையெழுத்து வாங்க வந்தபோது காரின் பின்பெட்டி நிறைய டுரியான் கொண்டுவந்திருந்தான். அன்று காலைதான் பிணையாளியின் கடமைகள் பற்றிய விடைத்தாள்களைத் திருத்தி, பாதிப் பேருக்குச் சிவப்பு மையில் முட்டை போட்டிருந்தேன். மாலையில் அவன் காட்டிய இடத்திலெல்லாம், கார் முகப்பின்மேல் காகிதத்தை வைத்து, ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கையில் டுரியான் வாசனை. மூளையிலும் அதுதான் இருந்திருக்கவேண்டும்.

தெலுக் இந்தானுக்குப் போனேன். ஆற்றோரத்து முஸ்லிம் உணவகம் ஒன்றில் மச்சானுக்கென்று ஒரு மேசை உண்டு. உணவக முதலாளி அவனைக் கண்டால் எழுந்து நிற்கிறார். எனக்கு எழுந்து நிற்கவில்லை. வங்கியில் என்னைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டார்களோ என்று தோன்றியது. வெளியே நின்ற புது வண்டி அவன் மனைவி பேரில். வீடு, கடை, கைப்பேசி எல்லாமே மனைவி பேரில்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் துளிகூட அதிரவில்லை.

“நான் எப்பவோ பிளாக்லிஸ்ட் அத்தான். நல்லாத்தானே இருக்கேன். நம்ம பேர்ல எதையும் வெச்சுக்கக்கூடாதுலா. நீங்க ஏன் பேங்க் பக்கம் போனீங்க?”

சீனி சாப்பிடுவதை நிறுத்திவிட்டவர்கள் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் தோரணை. சம்மன் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். ஒரு தாளுக்குப் பயந்து கோர்ட்டுக்குப் போவதெல்லாம் வேலையில்லாதவன் செய்வது என்றான். தேத்தண்ணிக்கு அவனே காசு கொடுத்தான். என் பணத்தில் ஒரு சிறு பகுதி அப்படி வசூலானது.

அவனுக்கு வந்த சம்மன் எனக்கு ஏன் வரவில்லை என்பதற்கு வழக்கறிஞர் அலுவலகத்தில் விடை கிடைத்தது. வங்கியின் வழக்கைப் பார்த்துக்கொண்ட அலுவலகம் அது. கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட தமிழ்ப் பெண் ஒருவர் கோப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார்.

“நோட்டீஸ் ஒட்டியாச்சு சார். போட்டோவே இருக்கு.”

“இது காவல்காரர் கூண்டும்மா.”

“ஒங்க ஐ.சி. அட்ரஸ் அங்கதானே சார் இருக்கு.”

அது உண்மை. என் அட்டையில் இருந்தது நான் பிறந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டின் முகவரி. தோட்டத்தை விற்றபோது தொழிலாளர்களுக்கு வீடு தருவதாகச் சொன்னார்கள். அட்டையில் தோட்ட முகவரி இருக்கிறவனுக்கே வீடு, மாற்றினவனுக்குக் கிடையாது என்றார் வீட்டுக் குழுத் தலைவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் கழுத்தில் மாலையோடு வந்து அதையே சொன்னார். நாங்கள் ஈப்போவிலும் கிள்ளானிலும் சிதறிக் குடியிருந்துகொண்டு, இடித்துத் தள்ளிய லயத்தின் முகவரியைப் பணப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தோம். படிக்காத சனம் நம்பியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பட்டதாரி நானும் நம்பினேன். ஓசி வீடு என்றால் பட்டம் தானாகச் சுருண்டுகொள்ளும்.

லயம் இருந்த இடத்தில் இப்போது வாசலில் தடுப்புக் கம்பம் வைத்த ஒரு தமான் குடியிருப்பு. சம்மன் கொண்டுபோனவர் வீட்டைத் தேடியிருக்கிறார், வீடில்லை. நீதிமன்ற அனுமதியோடு வாசற்கூண்டில் ஒட்டிப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்திரிகையிலும் விளம்பரம் போட்டார்களாம். நான் தினம் மூன்று பத்திரிகை படிக்கிறவன். உலகத்தில் யார் எங்கே குண்டு போட்டார்கள் என்று சொல்லுவேன். என் பெயர் வந்த பக்கத்தில் அநேகமாக மீன் சுற்றியிருப்போம்.

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் கையெழுத்து உங்களுடையதுதானே சார் என்றார் அந்தப் பெண். வட்டியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்திருந்ததை எடுத்துக் கட்டினேன். கட்டி முடித்ததற்குக் கடிதம் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பழைய மாணவனிடம் ஓடினேன்.

கணக்குத் தீர்ந்தது என்று அறிக்கையில் மாறும், ஆனால் வழக்கு நடந்த விவரம் இன்னும் கொஞ்ச காலம் அதிலேயே இருக்கும் என்றான். மேலிடத்தில் இப்போதைக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

“கட்டிட்டீங்க சார். ஆனா கோர்ட்டு சொல்லித்தான் கட்டுனீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்ல.”

என் வகுப்பில் தூங்கினாலும் அவன் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறான்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னபோது அவள் தம்பியைக் குறை சொல்லவில்லை. கஷ்டத்தில் தவணையை விட்டிருப்பான் என்று மட்டும் சொன்னாள். எனக்கு எரிந்தது. ஆனாலும் லோரித் தாளில் இருந்தது அவள் கையெழுத்தல்ல. ஆகவே மூடிக்கொண்டேன்.

சீனப் பெருநாள் முடிந்தது. தவுக்கே வருத்தப்பட்டுக்கொண்டே வீட்டை ஏஜெண்டிடம் கொடுத்தார். சீக்கிரமே விற்றுப்போனது. புதுச் சொந்தக்காரர்கள் பார்க்க வருவதாக ஏஜெண்டு போன் பண்ணினான். வந்து இறங்கியது மச்சானும் அவன் மனைவியும்.

மச்சான் நேரே சமையலறைக்குப் போய், சுவரில் பதித்த ஓடுகளை விரலால் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான்.

“வெளியாளுக்குப் போறதுக்கு நம்மளே வாங்கிட்டோம் அக்கா. நீங்க இங்கயே இருங்க. வாடகைகூட ஏத்தமாட்டேன்.”

அவன் மனைவியின் கடன் அறிக்கை கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாம். வங்கி ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டதாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது: எனக்கு முதலில் தோன்றியது கோபமல்ல, நிம்மதி. என் புத்தக அலமாரிகளை நகர்த்தவேண்டாம். ஆள் யாராக இருந்தால் என்ன, கூரை அதேதானே.

என் மனைவி அடுப்பை அணைத்தாள்.

“யாரு பேர்ல வாங்குன?”

“இவ பேர்லதான் அக்கா.”

“ஒன் லோரிக்கு இவரு கட்டுனாரே, அது யாரு காசு?”

அது வங்கிக்காரன் பண்ணிய அநியாயம், ஏலத்தில் லோரியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டான் என்று மச்சான் விளக்க ஆரம்பித்தான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். சின்ன வயதிலிருந்து அவன் சொன்னதையெல்லாம் அப்படித்தான் நின்று கேட்டிருக்கிறாள். ஆகவே அவன் தாராளமாகவே பேசினான். முடிக்கும்வரை விட்டாள்.

“ரெண்டு மாசம் டைம் குடு. காலி பண்ணிடுறோம்.”

“என்னக்கா நீங்க, குடும்பத்துக்குள்ள போய்…”

அவள் அவன் மனைவியின் பக்கம் திரும்பி, வீட்டுக்காரரிடம் பேசுகிற மரியாதையோடு, “நீங்க தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டாள். அதுவரை அவளை நீ என்று மட்டுமே கூப்பிட்டவள். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு முதல் ஆளாகப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மச்சான் என்னைப் பார்த்தான். ஆம்பளைக்கு ஆம்பளை, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்கிற பார்வை. சொல்ல என்னிடம் ஒரு முழுப் பாடமே இருந்தது. கட்டம் போட்டுக்கூட விளக்கியிருப்பேன். அவள் அலமாரியைத் திறந்து, மேல்தட்டில் இருந்த பெரிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்க ஆரம்பித்திருந்தாள். நான் முனைக்கடைச் சீனரிடம் காலி அட்டைப்பெட்டி கேட்கப் போனேன்.