‘எப்போலேர்ந்து’ அக்கா

டாக்டர் எழுதிய குறிப்பின் மேல் அக்கா ஸ்கேலை வைத்து, ஒரு வரி படித்ததும் ஒரு வரி கீழே இறக்குகிறார். உதடு மட்டும் முணுமுணுக்கிறது. தடுப்பூசி, பூச்சி மருந்து, வயிற்றுப்போக்கு என்று இறங்கிவந்த ஸ்கேல் ஓரிடத்தில் நிற்கிறது. பச்சைப் பேனாவை எடுத்து ‘கொஞ்ச நாளாகவே’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, போனை எடுக்கிறார்.

“வணக்கம்மா, நாய் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன். குட்டிக்குக் காதுல அரிப்புன்னு போட்டிருக்கு. எப்போலேர்ந்து?”

இந்த ஒரு கேள்வியைப் பதினெட்டு வருடமாகக் கேட்டதில் அலுவலகத்துக்கு அவருடைய பெயரே மறந்துபோய்விட்டது. மேலதிகாரி முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘எப்போலேர்ந்து அக்கா’. வீட்டிலும் இதே கூத்துதான். தலைவலி என்று கணவர் நெற்றியைப் பிடித்தால், தைலத்துக்கு முன்னால் கேள்வி வரும். “நீ கேட்டதுலேர்ந்து” என்று அவரும் சளைக்காமல் சொல்வார்.

வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபமானது. பாலிசி எடுக்கும் முன்பே தொடங்கிவிட்ட நோய்க்குக் காப்பீடு கிடையாது. எடுத்த பிறகும் முதல் பதினான்கு நாளில் வரும் நோய் சேராது. ஆகவே நோய் எந்தத் தேதியில் தலைகாட்டியது என்று கண்டுபிடிக்க வேண்டும். நோயாளியைக் கேட்கலாமென்றால் அவர் வாலைத்தான் ஆட்டுவார். இத்தனைக்கும் அக்கா இதுவரை ஒரு நாயையும் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை. ரோமம் பட்டால் போதும், அடுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். காகிதத்திலேயே அத்தனை நாய்களின் ஈரலையும் இடுப்பெலும்பையும் கரைத்துக் குடித்தவர்.

நாய் வளர்ப்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். “பொய் இல்லப்பா. பாசத்துல கூட்டிச் சொல்லிடுதுங்க” என்பார். நேற்று ஒரு தடவை வாந்தியெடுத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, ‘ஒரு வாரமா இதே பாடு டாக்டர்’ என்பார்கள். கூட்டிச் சொன்னால் டாக்டர் கூடுதல் அக்கறையோடு பார்ப்பார் என்று ஒரு நினைப்பு. டாக்டர் அதை அப்படியே எழுதிவிடுவார். அந்த ஒரு வாரம் பாலிசி எடுத்த தேதிக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படி வாயால் கெட்டவர்களுக்காகத்தான் அக்கா ஒவ்வொருவருக்கும் தானே போன் போடுகிறார். நிராகரிக்கும் முன் உதவக்கூடிய துண்டுச் சீட்டு ஏதாவது கிடைக்குமா என்று துருவித் துருவிக் கேட்பார்.

போன மாதம் ஒரு லிப்ட் மெக்கானிக்கின் கோப்பு வந்தது. மகள் வெளியூரில் வேலைக்குப் போனபின் வெறிச்சென்று ஆன வீட்டுக்கு அவர் கொண்டுவந்து, அன்றே பாலிசியும் எடுத்த குட்டி. பெயர் உருண்டை. பின்னங்கால் முட்டிச் சில்லு இடம் விட்டு நழுவுகிறது, அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் கால் கோணலாகிவிடும் என்று டாக்டர் எழுதியிருந்தார். கூடவே ஒரு வரி: ‘ஒரு மாதமாக நொண்டுவதாக உரிமையாளர் சொல்கிறார்.’

“சார், குட்டி உங்க வீட்டுக்கு வந்தே இருபது நாள்தானே அப்போ? ஒரு மாசம்னு எப்படிச் சொன்னீங்க?”

“ஐயோ, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க! அவன் கத்துறதைப் பாத்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நொண்டுனது டாக்டர்கிட்ட போனதுக்கு முந்தின நாள்லேர்ந்துதான்.”

அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. “வந்த புதுசுல எடுத்த வீடியோ ஏதாவது இருந்தா அனுப்புங்க சார். நல்லா நடக்குறது தெரிஞ்சா, இந்த ஒரு மாசத்தை நான் அடிச்சிடுவேன்.”

இரண்டு நிமிடத்தில் அக்காவின் சொந்தப் போனுக்கே வீடியோ வந்தது. முதல் நாள் எடுத்தது. பழுப்புப் பந்து ஒன்று கூடத்தின் ஒரு முனையிலிருந்து ஓடிவருகிறது. பாதி வழியில் இடது பின்னங்காலைச் சட்டென்று தூக்கி, இரண்டு தத்துத் தத்தி, மறுபடி ஊன்றிக்கொண்டு ஓடுகிறது. மெக்கானிக்கின் குரல் சிரிப்பில் குலுங்குகிறது: “ஏய், இங்க வந்து பாரேன்! டான்ஸ் ஆடுறான் பாரு, டான்ஸ் ஆடுறான்!”

அது டான்ஸ் இல்லை. சில்லு நழுவும் கால் அப்படித்தான் தத்தும்.

அக்கா நாலு தடவை பார்த்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வீடியோ அவருடைய போனில்தான் இருந்தது, வேறு யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவருக்கு, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை. வீடியோவில் கண்டதைக் கோப்பில் உள்ளபடி எழுதினார். மெக்கானிக்குக்குப் போகும் கடிதத்தில் மட்டும் வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ‘நோய் முன்பே இருந்ததாகத் தெரிகிறது’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். அன்று மதியம் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஐந்தாறு முறை போன் போட்டு, இந்த அறுவை சிகிச்சையைக் குறைந்த செலவில் செய்யும் பேராசிரியரின் எண்ணையும் பிடித்துவிட்டார்.

கடிதம் கிடைத்த அன்று மெக்கானிக் கூப்பிட்டார். குரல் பக்கத்து மேசை வரை கேட்டது.

“நான் அனுப்புன வீடியோவைப் பாத்தீங்களா, இல்லையா?”

“பாத்தேன் சார்.”

“அதுல எப்படி ஆடுறான்! அதைப் பாத்துட்டுமா இப்படி எழுதுனீங்க? கல் நெஞ்சுக்காரங்களா நீங்க?”

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அக்கா, “ஒரு நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க சார். காலைச் சரி பண்ணிடலாம்” என்று பேராசிரியரின் எண்ணை இரண்டு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தப் பக்கம் எழுதிக்கொண்டாரா, தெரியாது. லைன் துண்டிக்கப்பட்டது.

“ஏன்க்கா இவ்வளவு திட்டு வாங்குறீங்க?” என்றாள் கோப்பைப் படித்திருந்த பக்கத்து மேசைப் பெண். “அந்த வீடியோவிலேயே நொண்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயை மூடியிருப்பாரே?”

“சொல்லியிருந்தா, அப்புறம் அந்த வீடியோவை அவர் எப்படிடி மறுபடி பாப்பாரு?”

அவள் தன் வேலைக்குத் திரும்பினாள். அக்கா போனை எடுத்து அந்த வீடியோவைத் திறந்தார். குட்டி ஓடிவரத் தொடங்கியதும், அதன் கால்கள் தெரியும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பை முடியும்வரை கேட்டார்.