பாதி கேட்ட 'அடிக்காத'

பிரஷர் டை காஸ்டிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்தது போன மாதம்.

உருகிய அலுமினியத்தை ஸ்லீவ் என்ற குழாயில் ஊற்றி, பிளஞ்சர் தண்டால் அழுத்தி டை என்ற அச்சுக்குள் தள்ளுவோம். அந்தத் தள்ளலுக்குப் பெயர் ஷாட். டையின் இரண்டு பாதியும் இறுக மூடியிருக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் உலோகம் பக்கவாட்டில் பீறிட்டு அடிக்கும்.

அன்று ரிப்பேர் முடிந்து டிரையல் ஷாட். மிஷின் மேனுவலில் இருந்தது; பட்டனை அழுத்தினால்தான் ஷாட் போகும். ஷிஃப்ட் இன்சார்ஜ் நான். பட்டனில் மோசே. ரிப்பேர் பார்த்த இன்ஜினியர் என் மகள் கவிதா. மோசே உலோகத்தை ஊற்றிவிட்டான். அப்போதுதான் பார்த்தேன். டை விளிம்பில் ஒரு உலோகத் துணுக்கு சிக்கி, இடைவெளி தெரிகிறது. அதற்கு நேரே, கார்டு என்ற பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிய பக்கத்தில், கவிதா குனிந்திருக்கிறாள். மோசேக்கு அவள் தெரியமாட்டாள்.

"மோசே, அடிக்காத!"

பம்ப் இரைச்சலில் வார்த்தையின் வால் போய்விட்டது. அவன் காதில் விழுந்தது 'அடி' மட்டும்.

ஆனால் மோசே பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஓடிப்போய்க் கவிதாவை இழுத்தேன். ஸ்லீவிலேயே உலோகம் உறைந்தது.

"அடின்னுதானே கேட்டுதுன்ற? ஏன்பா அடிக்கல?" என்று பிறகு மோசேயைக் கேட்டேன்.

"நீ என்னிக்குணா இங்க அடின்னு சொல்லிக்கீற? ஷாட் போடுன்னுதான் சொல்லுவ. அடி, அடிக்காதல்லாம் உங்க வூட்டு தறிப் பேச்சு. அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பட்டுது."

காஞ்சிபுரம் பக்கத்து ஓரிக்கையில் எங்கள் வீடு; என் மனைவி தறி நெய்கிறாள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால், நெய்த நூலை அடித்து நெருக்கும் பலகையை நிறுத்த, "பலகைய அடிக்காத" என்பது எங்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு. மோசே வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறான்.

கவிதாவுக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் சும்மா இல்லை. "நான் என்ன அறுந்த நூலாபா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

தமிழில் மறுப்பு வினையின் கடைசியில்தான் வருகிறது. எங்கள் பட்டறை இரைச்சலில் கடைசி கேட்காது. அதனால் இப்போது நிறுத்த ஒரே சொல்: "நில்லு." கார்டு மாட்டாமல் டிரையலும் கிடையாது.

மோசேக்கு நன்றி சொல்லப் போனால், "வுடுணா" என்று நகர்ந்துவிடுகிறான். ஆனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால், பட்டனை விட்டு ஒரு அடி தள்ளி வந்து, மிஷினின் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கிறான். அப்படிப் பார்க்கச் சொல்லி நான் அவனிடம் சொன்னதில்லை.