அவர் காலும் என் முகமும்

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய கால்கள் எங்கள் வீட்டின் முக்கியப் பிரச்சினை ஆயின. அதுவரை அவர் போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தார். விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவார். நானும் கொமுட்டர் ரயிலைப் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஒரு கணக்காளர் அலுவலகத்துக்குப் போய்விடுவேன். ஒருவர் காலை ஒருவர் பார்க்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.

அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் சொறியும் சத்தம் ஆரம்பித்தது. நகத்தால் லேசாகச் சொறிந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவர் செய்தி பார்த்துக்கொண்டே சிலுவாரை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, ஒரு சீப்பை எடுத்துக் கணுக்காலிலிருந்து மேலே வரட்டு வரட்டென்று இழுப்பார். எங்கள் சோபா கருநீலம். அவர் எழுந்து போன இடத்தில் மாவு சலித்தது போல வெள்ளைத் தூள் கிடக்கும். துடைப்பேன். மறுநாளும் கிடக்கும். அந்தச் சீப்பு என்னுடைய சீப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் குளிக்கிற விதத்தை நான் முதலிலிருந்தே குறை சொல்லி வந்தேன். லோரியைக் கழுவுவது போல உடம்பைக் கழுவுவார். சுடுநீர் எவ்வளவு சூடாக வருமோ அவ்வளவு சூட்டில் வைப்பார். குளியலறைக் கதவைத் திறந்தால் இட்லிச் சட்டியைத் திறந்தது போல ஆவி வரும். கிருமி கொல்லும் சோப்பைத் தலையிலிருந்து பாதம் வரை இரண்டு தடவை போடுவார். அது போதாதென்று கடைசி வாளித் தண்ணீரில் கிருமிநாசினி மருந்தையும் ஒரு மூடி ஊற்றிக்கொள்வார். பிறகு குளிர்ச்சிப் பவுடர். கிடங்குத் தூசியில் வேலை செய்த காலத்துப் பழக்கம் அது. இப்போது தூசியும் இல்லை, கிடங்கும் இல்லை. ஆனால் மூன்று வேளைக் குளியல் மட்டும் அப்படியே இருந்தது. சுத்தமாக இருந்தால் தோலில் எந்த வியாதியும் வராது என்பது அவர் கொள்கை. வந்த பிறகும் கொள்கை மாறவில்லை. இன்னும் சுத்தம் போதவில்லை என்று முடிவு செய்து, முதுகு தேய்க்கும் முரட்டு நாரை வாங்கி வந்து காலைத் தேய்த்தார்.

அரிப்புக்குக் காரணம் என் சமையல் என்று ஒருநாள் கண்டுபிடித்தார். முதலில் இறால் என்றார். நிறுத்தினேன். பிறகு கருவாடு. அதையும் நிறுத்தினேன். அடுத்தது கத்தரிக்காய். கத்தரிக்காயை நிறுத்தியும் கால் அரித்தது. ஆனாலும் கத்தரிக்காய்க்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. பாசாருக்குப் போனால் எதை எடுத்தாலும் அவர் முகம்தான் கண் முன்னால் வரும். கோழியும் கோஸும் வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு துணி சோப்புத்தூள். நான் பல வருடங்களாக வாங்கும் தூளைத் தூக்கி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, குழந்தைத் துணிக்கு என்று விற்கும் விலை அதிகமானதை வாங்கினோம். அதுவும் உதவவில்லை. பிறகு மெத்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மெத்தையை இழுத்து வந்து வாசல் கேட்டின் மேல் சாய்த்து வெயிலில் போட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது எங்கள் தாமான் குடியிருப்பே அதைப் பார்த்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுப் பெண் கேட்டருகே வந்து குரலைத் தாழ்த்தி, மூட்டைப்பூச்சியா அக்கா என்று கேட்டாள். இல்லம்மா, வீட்டுக்காரர் கால் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்படி விளங்கும்?

அதற்கப்புறம் வேப்பிலையும் மஞ்சளும். அரைத்துக் காலில் பூசிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். துண்டு மஞ்சள், கதவுக் கைப்பிடி மஞ்சள், குளியலறைத் தரையில் ஓடுகளுக்கு இடையில் இருந்த வெள்ளைக் கோடுகள் எல்லாம் மஞ்சள். காய்ந்தபின் கால் இன்னும் இறுகியது. முன்னங்காலில் தோல் மீன் செதில் போலப் பிளந்து கிடந்தது. பார்க்கவே பாவமாக இருக்கும். வாயைத் திறந்து பாவம் என்று சொன்னால் கோபம் வரும் அவருக்கு. என்ன பாவம், சாதாரண சூடு என்பார்.

ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் எங்கள் மகள் போனில் தினமும் ஒன்றையேதான் சொன்னாள். அப்பா, கிளினிக்குக்குப் போங்க. அவர் சரிம்மா என்பார். போனை வைத்ததும் சீப்பை எடுப்பார். கடைசியில் சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தது. செருப்புப் போட்டால் வலிக்கிறது என்று காலை விந்தி நடந்தார். அப்போதுதான் காடியில் ஏறினார். அதுவும் நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற பிறகு.

கிளினிக்கில் இருந்தது ஓர் இளம் மலாய்ப் பெண் டாக்டர். புண்ணைச் சுத்தம் செய்து, சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்து, இல்லை என்றார். பிறகு காலைத் தடவிப் பார்த்துவிட்டு எப்படிக் குளிப்பீர்கள் என்று கேட்டார். என் கணவர் பெருமையாகச் சொன்னார். சுடுநீர், கிருமி சோப்பு, மருந்து, நார், பவுடர், ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒன்றையும் விடவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"அங்கிள், கூலித் கெரிங் சஹாஜா. வெறும் வறண்ட தோல். வயசாக ஆகத் தோலில் எண்ணெய் குறையும். இருக்கிற கொஞ்சத்தையும் நீங்கள் தினமும் கழுவி எடுத்துவிடுகிறீர்கள்" என்று பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார்.

இறாலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, மெத்தையும் இல்லை. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

டாக்டர் சொன்னது ரொம்ப எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட வேண்டும். வாசனை இல்லாத மென்மையான சோப்பை அக்குள், இடுப்பு, பாதம் இங்கே மட்டும் போட்டால் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். தோலில் ஈரம் இருக்கும்போதே கிரீமைப் பூச வேண்டும், அப்போதுதான் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். பவுடர் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும், அதனால் அது வேண்டாம். புண்ணுக்கு மாத்திரையும் ஒரு பெரிய டப்பா கிரீமும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் என் கணவர் சொன்ன முதல் வார்த்தை, "சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது."

டப்பா குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஏறி உட்கார்ந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டார், புண் ஆறியது. கிரீமைத் தொடவில்லை. நான் காலையில் ஒரு தடவை, மாலையில் வேலை முடிந்து வந்து ஒரு தடவை சொல்வேன். பொம்பளைங்க பூசுறது அது என்பார். பிசுபிசுப்பாக இருக்கும் என்பார். நான் என்ன சினிமாவுலயா நடிக்கப் போறேன் என்பார். ஒருநாள் நான் கையில் எடுத்துப் பூசிவிடப் போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவர் படி ஏறி நான் பார்த்ததில்லை. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மனிதருக்குச் சுகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அவர் சீப்பை வைத்துக்கொண்டு இரத்தம் வரச் சொறிகிறார். நான் என்னதான் செய்வது?

அவர் மனம் மாறியதற்கு நானும் காரணமில்லை, டாக்டரும் காரணமில்லை, மகளும் காரணமில்லை. காலையில் தாமான் திடலில் அவரோடு நடக்க வரும் ஒரு சீனப் பெரியவர்தான் காரணம். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி இருவரும் கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்றிருக்கிறார்கள். என் கணவர் காலைச் சொறிவதைப் பார்த்து அவர் தன் சிலுவாரைச் சற்றுத் தூக்கிக் காட்டி, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, குளிச்சதும் கிரீம் போடறேன், இப்ப ஒன்னும் இல்ல லா என்றிருக்கிறார். அவ்வளவுதான் பேச்சு. மழை சற்றுக் குறைந்ததும் பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

என் கணவர் நனைந்து வந்து நேரே சமையலறையில் நின்றார்.

"அந்த டப்பாவ எங்க எடுத்து வச்ச?"

"நான் எங்கயும் எடுத்து வைக்கல. பெட்டி மேலயே இருக்கு. நீங்கதான் இத்தன நாளா பாக்கல."

"சொல்ல மாட்டியா?" என்றார்.

அந்த நிமிடம் என் கையில் கரண்டி இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை என்பதற்காக இன்றும் என்னைப் பாராட்டிக்கொள்கிறேன்.

கொஞ்ச நாளில் செதில் போனது. ஒரு மாதத்துக்குள் கால் மனிதக் காலாகிவிட்டது. சோபா கருநீலமாகவே இருந்தது. இறால் திரும்பி வந்தது. இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். அவர் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். பசியாறப் போகும் கடையில், குடும்ப வாட்சாப் குழுவில், கல்யாண வீட்டுப் பந்தியில், எல்லாருக்கும் அதே பாடம். ஈரமா இருக்கும்போதே பூசணும், அதுதான் ரகசியம் என்பார், தானே உட்கார்ந்து கண்டுபிடித்தது போல. சுங்கை பூலோவில் ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைப் பையனின் முழங்கையைப் பிடித்துப் பார்த்து, தம்பி ரொம்ப டிரை என்றார். நான் தண்ணீர் குடிக்கப் போவது போல அந்த இடத்தை விட்டு நகர்ந்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்கு அலுவலகத்தில் நாள் முழுவதும் ஏர்கண்டிஷன். மாலையில் ரயிலில் வரும்போது கன்னம் இழுக்கும். இதை வாய்தவறி அவரிடம் சொல்லிவிட்டேன். உனக்கும் வறண்ட தோல்தான், என் கிரீமைப் போடு என்றார். அது காலுக்கு, முகத்துக்கு இல்லை என்றேன். தோல் தோல்தானே என்றார். தினமும் கேட்டார். போட்டியா, போட்டியா என்று வாசல் வரை வந்து கேட்டார். சண்டை வேண்டாமே என்று போட்டேன். ஐம்பது வயது தாண்டிய எனக்கு நெற்றியிலும் மூக்கின் இரண்டு பக்கத்திலும் பருக்கள் வந்தன. நல்ல பெரிய பருக்கள். ரயிலில் பள்ளிப் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைப் பெண், முகம் எந்த வகை என்று தெரியாமல் எதையும் பூசக்கூடாது அக்கா என்றாள். மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, எதுவும் பூசாமல் அரை மணி நேரம் சும்மா இருந்து பாருங்கள் என்றாள். முகம் முழுக்க இழுத்தால் வறண்ட தோல். முழுக்கப் பளபளத்தால் எண்ணெய்த் தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் பளபளத்துக் கன்னம் இழுத்தால் இரண்டும் கலந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் செய்து பார்த்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். என் கணவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. இடையில் எழுந்து விளக்கைப் போட்டார். காற்றாடியை நிறுத்தினார். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

கடைசியில் ஒரு மெல்லிய தாளை நெற்றியில் ஒற்றினேன். எண்ணெய். மூக்கில் ஒற்றினேன். எண்ணெய். கன்னத்தில் ஒற்றினேன். தாள் காய்ந்தே இருந்தது. அவர் அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கன்னம் மட்டும் என் கால் மாதிரி" என்றார். "நான் சொன்னது பாதி சரிதான்."

தவறு பாதி என்று அவர் சொல்லவே இல்லை. நானும் விட்டுவிட்டேன். இப்போது எனக்கு லேசான ஒரு ஜெல், கன்னத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக. பரு அடங்கிவிட்டது, ஒன்றிரண்டு தழும்பு நெற்றியில் நின்றுபோனது. அவருக்கு அவருடைய டப்பா. இரண்டும் வெவ்வேறு அலமாரியில் இருக்கின்றன, என் ஏற்பாட்டில்.

போன மாதத்திலிருந்து அவருக்கு முதுகும் வறண்டுவிட்டதாம். கை எட்டாது. நான் ரயிலை விட்டு இறங்கி, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருப்பேன், அறையிலிருந்து குரல் வரும். காயுது, சீக்கிரம் வா, ஈரம் போகுது என்று. போகிறேன். பூசுகிறேன். அங்க இல்ல, இன்னும் மேல, கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு, கொஞ்சமா எடு, வீணாக்காத என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நாளைக்கு நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்கிறேன். அவர் முதுகை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்துகிறார்.