சங்கிலி பிடிக்கும் டெல்பர்ட்

ஊரே எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தும்போது டெல்பர்ட் குரூகர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொள்வார். வலது பூட்ஸின் நுனியில் மாடு மிதித்த தழும்பு ஒன்று இருக்கிறது. பிளாக்ஜாக் உயர்நிலைப்பள்ளிப் பையன்கள் எத்தனை முறை பந்தை இடுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினார்களோ, அத்தனை முறை அவர் அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் மைதானத்தின் ஓரமாக நின்று கெஜச் சங்கிலியின் முன்கம்பைப் பிடிப்பவர் அவர். பந்து பத்து கெஜம் முன்னேறியதா இல்லையா என்று தகராறு வந்தால், இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டிய அந்தச் சங்கிலியை இழுத்துப் பிடித்துத்தான் முடிவு சொல்வார்கள். உள்ளூர்க்காரரானாலும் சங்கிலி பிடிப்பவர் நடுவரின் ஆள். கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. முகமும் மலரக் கூடாது என்பது டெல்பர்ட் தானாகச் சேர்த்துக்கொண்டது. ஒருமுறை, தோற்றுப்போய்க் கிளம்பிய வெளியூர்ப் பயிற்சியாளர் பேருந்திலிருந்து இறங்கி வந்து, "அண்ணே, உங்க மூஞ்சியப் பாத்து யாரு ஜெயிக்கிறாங்கன்னே கண்டுபிடிக்க முடியலண்ணே" என்று ஒரு பெட்டி நிறையப் பழ பன் கொடுத்துவிட்டுப் போனார். பன் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. பெட்டி இன்னும் அவருடைய தீவனக் கடையில், கல்லாவுக்கு மேலே, பதக்கம் போல உட்கார்ந்திருக்கிறது.

மைதானத்தோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. எந்தத் தீவனம் நல்லது என்று கேட்டால் "ரெண்டையும் மாடு திங்கும்" என்பார். சர்ச்சில் நடக்கும் மிளகாய்க் கறிப் போட்டிக்கு ஒரே ஒரு வருஷம் அவரை நீதிபதியாகப் போட்டார்கள். எல்லாருக்கும் முதல் பரிசு என்று அறிவித்துவிட்டு இறங்கி வந்தார். அதன்பிறகு அவரைச் சாப்பிட மட்டும் கூப்பிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு இரட்டைப் பெண்கள். ரெமி பள்ளி பேண்டில் முரசு அடிக்கிறவள், பேச்சும் அப்படித்தான். டெஸா ஒரு வார்த்தைக்கு இரண்டு முறை யோசிப்பாள். பள்ளியில் இது அவர்களுக்குக் கடைசி வருஷம். படித்துப் போனவர்களெல்லாம் ஊர் திரும்பும் ஹோம்கமிங் வாரத்தில், இந்த வருஷ ராணி யார் என்று பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள். கடைசி மூவரில் மரிசெலா என்ற பெண்ணோடு ரெமியும் இருந்தாள், டெஸாவும் இருந்தாள்.

டெல்பர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தின் நடுவே, மகளைக் கைகோத்து அழைத்துப்போய் நிறுத்துவது தகப்பன் வேலை. "ஒருத்தி சிரிப்பா, ஒருத்தி அழுவா. நான் எந்தப் பக்கம் திரும்புறது நோரீன்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அப்பன் மாதிரி நில்லு, போதும். கம்பு மாதிரி நிக்காத" என்றாள் அவள்.

ஹோம்கமிங் என்றால் டெக்சஸில் பெண்பிள்ளைகள் கழுத்தில் சாமந்தி தொங்க வேண்டும். தட்டு அகலத்துக்குத் துணிப்பூ, நடுவில் கரடிப் பொம்மை, அதிலிருந்து முழங்கால் வரை ரிப்பன்கள், ரிப்பன் நுனிகளில் மணிகள். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு எல்லாம் வெள்ளையும் வெள்ளியும். நோரீன் பசைத் துப்பாக்கியோடு உட்கார்ந்தாள். டெல்பர்ட் கொட்டகையிலிருந்து கெஜச் சங்கிலியை எடுத்து வந்து கூடத்தில் நீளமாகப் போட்டு, ரிப்பன்களை அதன்மேல் வைத்து அளந்து வெட்டினார்.

"அப்படியே நடுவரையும் கூப்பிட்டு விசில் ஊதச் சொல்லிடு" என்றாள் நோரீன்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒற்றையாக ஒரு மணி மிஞ்சியது. அதை இந்தப் பூவில் வைத்தும் பார்த்தார், அந்தப் பூவில் வைத்தும் பார்த்தார். பிறகு எழுந்துபோய் நாயின் கழுத்தில் கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பள்ளி நடைக்கூடங்கள் ஜல்ஜல் என்று கிடந்தன. கணக்கு வாத்தியார் இரண்டாவது பாடவேளையிலேயே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். மதியம் தீயணைப்பு வண்டி முன்னே போக ஊர்வலம் வந்தது. பழைய மாணவர்கள் பிதுங்கும் பழைய சட்டைகளோடு மிட்டாய் வீசினார்கள். கடைக்காரர்கள் வாசலில் நின்று கையசைத்தார்கள். பக்கத்துக் கடை ஓட்டிஸ் விடவில்லை. "சொல்லுய்யா டெல்பர்ட்டு, கிரீடம் பெரியவளுக்கா சின்னவளுக்கா?"

"கூடவே பொறந்ததுங்க. அதுல என்னய்யா பெரியவ சின்னவ?"

"உன்கிட்ட ஒரு பதில் வாங்குறதுக்குள்ள காளைமாட்டுல பால் கறந்துரலாம்யா."

இரவு ஆட்டத்தின் இடைவேளை வந்தது. டெல்பர்ட் கம்பைத் தரையில் படுக்கவைத்துவிட்டு, பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். வலது கையில் முரசுக்காரச் சீருடையோடு ரெமி, இடது கையில் நீலக் கவுனோடு டெஸா. இருவரையும் ஒரே வேகத்தில் நடத்தி, நடுக்கோட்டில் ஒரே வரிசையில் நிறுத்தினார். மரிசெலாவும் அவள் அப்பாவும் அடுத்து நின்றார்கள். தலைமையாசிரியை ஒலிபெருக்கியில் பெயரைப் படித்தார்.

டெஸா.

அரங்கம் அதிர்ந்தது. போன வருஷத்து ராணி ஓடிவந்து கிரீடத்தை டெஸாவின் தலையில் வைத்தாள். டெஸா முகமெல்லாம் பூத்து அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஊர் கத்தினால் தலை தானாகக் குனிந்து பழகிவிட்டது. ஆனால் அதைப் பார்த்த பெண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா? கிரீடம் மின்னிக்கொண்டிருக்க, அதன் கீழே இருந்த சிரிப்பு அணைந்தது.

"அப்பா... ரெமி ஜெயிச்சிருக்கணும்னு நெனச்சியாப்பா?"

டெல்பர்ட் நிமிர்ந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைத் தான் வாட வைத்துவிட்டோம் என்று, பாவம், அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ரெமிதான் பாய்ந்தாள். "ஐயோ அப்பா! இது மேட்ச் இல்லப்பா! இங்க எதிர் டீமே கெடையாது! எனக்கு வருத்தந்தான், நாளைக்கு அழுதுக்கறேன். இப்ப அவளுக்குத் தட்டு!" அப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, கைக்குழந்தைக்குச் சப்பாணி கொட்டச் சொல்லிக்கொடுப்பதுபோல உள்ளங்கைகளைச் சேர்த்துச் சேர்த்து அடித்தாள்.

முதலில் அவள்தான் தட்டினாள். பிறகு அவர் தட்டினார். அதன்பின் நிறுத்தத் தெரியவில்லை. பேண்ட் ஓய்ந்தது, கூட்டம் ஓய்ந்தது, தலைமையாசிரியை இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். டெல்பர்ட் கண்ணீர் வழிய, பல்லெல்லாம் தெரிய, அந்தப் பெரிய கைகளால் தட்டிக்கொண்டேயிருந்தார். அவருக்குப் பல் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரியும்.

"போதும்ப்பா, மானம் போவுது" என்றாள் டெஸா, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு.

ஓரத்தில் நோரீன் இரண்டு சாமந்தியையும் சுமந்துகொண்டு நின்றாள். பெண்கள் ஆளுக்கொரு மணியைப் பிய்த்து அப்பாவின் சட்டைப் பையில் சேர்த்துக் கட்டினார்கள். அந்தக் கோலத்திலேயே அவர் சங்கிலிக்குத் திரும்ப, வெள்ளைத் தொப்பி நடுவர் உற்றுப் பார்த்தார்.

"இது என்ன குரூகர்?"

"பொண்ணுங்க கட்டினதுங்க. சத்தம் வராதுங்க."

"வந்துச்சுன்னா உங்கள வெளிய அனுப்பிருவேன்."

டெல்பர்ட் இடது கையால் இரண்டு மணிகளையும் பொத்திக்கொண்டார். வலது கையில் கம்பு. ஆட்டம் அங்குமிங்கும் போக, அவரும் பொத்திய கையோடு ஓடினார். கடைசிக் கட்டத்தில் பிளாக்ஜாக் பையன் ஒருவன் பந்தோடு அவர் கண்ணெதிரே எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். நடுவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். ஊரே எழுந்து கத்தியது. டெல்பர்ட் வழக்கம்போலக் குனிந்து தன் பூட்ஸின் தழும்பைப் பார்த்துக்கொண்டார். பிறகு, தலை நிமிராமலே, பொத்திய விரல்களைக் கொஞ்சம் திறந்து மணிகளை ஒரே ஒரு ஆட்டு ஆட்டினார்.